நடுக்கு வாதத்தோடு வாழ்கிறவரின் நாளை எப்படி அளப்பது: புதிதாக வருகிறவர்களுக்கு

"எப்படி இருக்கீங்க அய்யா?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஏதோ ஓடுதும்மா." பத்து வருடமாக நடுக்கு வாதத்தோடு, அதாவது பார்க்கின்சன் நோயோடு இருப்பவரும் அதையே சொல்வார், நேற்றுக் காய்ச்சல் வந்தவரும் அதையே சொல்வார். அந்த "ஏதோ"வுக்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துப் பார்ப்பதுதான் இந்த வேலை. நான் பிசியோதெரபிஸ்ட். கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் சுற்று வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நடைப்பயிற்சி, கை கால் பயிற்சி கொடுக்கிறேன். கூடவே நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது என்று வினாத்தாள் வைத்து அளந்தும் வருகிறேன். இதற்குப் புதிதாக வரும் மாணவர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள், சொந்த அப்பா அம்மாவுக்கே இதைச் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம்

நரம்பியல் மருத்துவர் விரலைத் தட்டச் சொல்வார், கையை மடக்கி இறுக்கம் பார்ப்பார், நடக்கவிட்டுத் திரும்பச் சொல்வார். அதற்கு நல்ல அளவுகோல்கள் இருக்கின்றன. ஹோன் (Hoehn), யார் (Yahr) என்ற இரண்டு மருத்துவர்கள் 1967இல் வெளியிட்ட ஐந்து நிலைப் பகுப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதித்திருந்தால் முதல் நிலை, ஆள் உதவி இல்லாமல் படுக்கையையோ சக்கர நாற்காலியையோ விட்டு எழ முடியாவிட்டால் ஐந்தாம் நிலை. இதைவிட விரிவானது எம்டிஎஸ்-யூபிடிஆர்எஸ் (MDS-UPDRS) என்ற அளவுகோல், 2008இல் திருத்தி வெளிவந்தது. ஆனால் ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் விடியற்காலையில் வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு டீ குடித்து வருகிறார், இன்னொருவர் ஆறு மாதமாகத் திண்ணைக்குக்கூட வரவில்லை. மருத்துவரின் தாளில் இருவருக்கும் ஒரே எண்.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க வந்ததுதான் பிடிக்யூ-39 (PDQ-39) என்ற வினாத்தாள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து கேள்விகளை எடுத்து உருவாக்கி, 1995இல் வெளியிட்டார்கள். மொத்தம் 39 கேள்வி. நடமாட்டம் 10, அன்றாட வேலை 6, மனநிலை 6, நாலு பேர் முன்னால் வரும் கூச்சம் 4, உற்றார் துணை 3, நினைவும் கவனமும் 4, பேச்சு 3, உடல் உபாதை 3 என்று எட்டுப் பகுதி. ஒவ்வொரு கேள்வியும் கடந்த ஒரு மாதத்தில் பார்க்கின்சன் நோயால் இது எத்தனை தடவை நடந்தது என்று கேட்கும். பதில் ஐந்தில் ஒன்று: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும். 39 கேள்வி தாங்க மாட்டார் என்றால் பகுதிக்கு ஒரு கேள்வி வீதம் எட்டே கேள்வி கொண்ட பிடிக்யூ-8 இருக்கிறது. எந்த நோய்க்கும் பொதுவாகப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வித் தாள் இருக்கிறது. அதை உருவாக்கிய திட்டத்தில் நம் சென்னையும் ஒரு மையமாக இருந்தது. புதியவர்கள் பிடிக்யூவிலேயே தொடங்குங்கள், நோயாளிக்குத் தன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று முதல் கேள்வியிலேயே புரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ராத்திரி உட்கார்ந்து கைபேசியில் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு வராதீர்கள். வினாத்தாளுக்கு உரிமை ஆக்ஸ்ஃபோர்டிடம் இருக்கிறது, அவர்களிடம் அனுமதியும் சரிபார்த்த மொழிபெயர்ப்பும் கேட்டு வாங்க வேண்டும். விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவசரத்தில் மொழிபெயர்த்த ஒரு தாளோடு வந்த குழுவுடன் நானும் ஒருமுறை போயிருந்தேன். கூச்சம் பற்றிய பகுதிக்குத் தலைப்பு "களங்கம்" என்று இருந்தது. "உங்களுக்குக் களங்கம் ஏற்பட்டதாக உணர்ந்தீர்களா?" என்று அந்தப் பையன் வாசித்தான். அறுபது வயது அம்மா ஒரு நிமிடம் அவனையே பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். தமிழில் அந்தச் சொல்லை ஒரு பெண்ணிடம் சொன்னால் நடத்தையைக் குறை சொல்வதாகத்தான் காதில் விழும். நாங்கள் எவ்வளவு சமாதானம் சொல்லியும் அவர் திரும்பி வரவில்லை, வரவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

போவதற்கு முன்

மாத்திரை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கின்சனில் இதுதான் மற்ற பல நோய்களுக்கு இல்லாத சிக்கல். இந்த நோய்க்கு முக்கியமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உடம்பு இளகும், சில மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் மருந்து இறங்கிவிடும். மருத்துவர்கள் ஆன், ஆஃப் என்பார்கள். வீட்டில் "மாத்திரை பிடிச்சிருக்கு", "மாத்திரை விட்டுப்போச்சு" என்பார்கள். காலை பத்து மணிக்குச் சிரித்துப் பேசியவர் பன்னிரண்டரைக்கு அதே நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார், குரல் உள்ளேயே நின்றுவிடும். கேள்வி ஒரு மாதத்தைப் பற்றியது என்றாலும் பதில் சொல்கிற மனசு இந்த நிமிடத்தினுடையது. அதனால் மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் போங்கள், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, நீங்கள் தொடங்கியது எத்தனை மணிக்கு என்று தாளின் மேலே எழுதுங்கள், அடுத்த தடவையும் அதே இடைவெளியில் போங்கள். இது எழுதாத தாளை நான் ஒப்பிடவே எடுப்பதில்லை.

அடுத்து, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கட்டாயம். கையில் தாளும் பேனாவும் பார்த்தாலே உதவித்தொகைக்கு எழுத வந்திருக்கிறார்கள் என்று நினைப்பது நம் ஊரில் இயல்பு, அப்படி நினைத்தால் எல்லாக் கேள்விக்கும் "எப்போதும்" என்று பதில் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் பட்டியலில் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அந்தத் தகவலை வேலை முடிந்த பிறகு தனியாகச் சொல்லுங்கள். நம் தாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யார் பதில் சொல்கிறார்கள்

இதில்தான் பெரும்பாலான தாள்கள் வீணாகின்றன. நம் வீடுகளில் ஒருவரிடம் கேள்வி கேட்டால் நான்கு பேர் பதில் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த எண் அவருடையது இல்லை.

வலங்கைமான் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். முதல் நாள் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "அப்பாவுக்கு ஒண்ணும் குறை இல்லம்மா, நடக்கிறார், சாப்பிடுறார், கொஞ்சம் மெதுவா பேசுவார், அவ்ளோதான்" என்று அவரே முடித்துவிட்டார். அய்யா கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் மகன் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். ஐந்து பதில்களையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போயிருந்தேன், நான் கேள்வியை வாசித்தால் போதும், அவர் விரலை வைத்தால் போதும். நோயை மறைக்க வேண்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு விரல் மெதுவாக நகர்ந்து "எப்போதும்" மேல் போய் நின்றது. துண்டு எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன்னை மற்றவர்கள் கவனிப்பதில்லை என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு வாய் திறந்து பேசினார்: "முப்பத்திரண்டு வருஷம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி பாடம் நடத்தினேன். இப்ப நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள அடுத்தவங்க பேசி முடிச்சிடுறாங்க."

வீட்டாரைக் கோபித்துக்கொள்ளாமல் வெளியே அனுப்ப வழி உண்டு. "அக்கா, ஒரு காப்பி கிடைக்குமா" என்று கேட்டால் போதும், பத்து நிமிடம் கிடைக்கும். இரண்டு பேராகப் போனால் இன்னும் நல்லது, ஒருவர் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கலாம். நினைவு மிகவும் மங்கியவரிடம் மட்டும் வீட்டார் பதிலைத் தனித் தாளில் வாங்கி, "வீட்டார் சொன்னது" என்று குறித்து வைக்கவேண்டும். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

கேட்கும் விதம்

கேள்வியை எழுதியபடியே வாசியுங்கள். புரியவில்லை என்றால் இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள், நீங்களாகப் பொருள் சொல்லிப் பதிலை ஒரு பக்கம் சாய்த்துவிடாதீர்கள். பதிலுக்காகக் காத்திருங்கள். இந்த நோயில் யோசிப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் இடைவெளி நீளும், அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் நாம் ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தால் மரியாதைக்காக அதையே ஒப்புக்கொள்வார். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முகத் தசை இறுகியிருப்பதால் வருத்தமே இல்லாதவரும் வருத்தமாகத் தெரிவார், சிரிக்க நினைப்பவர் முகமும் அசையாது.

ஒரு மாதம் என்பதை இங்கே யாரும் முப்பது நாளாக நினைப்பதில்லை. "போன அமாவாசையிலிருந்து இந்த அமாவாசை வரைக்கும்" என்று சொன்னால் வயதானவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஊரில் நடந்த திருவிழாவையோ நடவையோ அறுவடையையோ அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். அதேபோல, டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் கேட்ட பதிலையும் பங்குனியில் கேட்டதையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் தெருவெல்லாம் சேறு, வரப்பு வழுக்கும், திடமானவரே வீட்டோடு கிடப்பார். வெளியே போகமுடியாமல் வீட்டில் அடைந்து கிடந்தீர்களா என்ற கேள்விக்கு "அடிக்கடி" என்று வந்தால், கேள்வியின் முதல் சொற்களை மறுபடி வாசியுங்கள்: பார்க்கின்சன் நோயால். மழை என்றால் மழை என்று ஓரத்தில் குறியுங்கள்.

உணவை வெட்டுவது, ஷூ லேஸ் கட்டுவது போன்ற கேள்விகள் வேற்று ஊர் வாழ்க்கையிலிருந்து வந்தவை. சரிபார்த்த மொழிபெயர்ப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே கேட்டுவிட்டு, சோறு பிசைந்து உருட்ட வருகிறதா, வேட்டி நிற்கிறதா, புடவை மடிப்பு வைக்கமுடிகிறதா என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணில் இது சேராது, ஆனால் எனக்குப் பயிற்சி கொடுக்க இதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

நாலு பேர் முன்னால் சாப்பிடுவதைத் தவிர்த்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு, அதை அவசரமாகக் கடக்காதீர்கள். பாபநாசம் பக்கத்து அம்மா ஒருவர் "இல்லையே, கல்யாணத்துக்கெல்லாம் போறேனே" என்றார். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "போவேன் பாப்பா, பந்தியில உட்கார மாட்டேன். இன்னைக்கு எனக்கு விரதம்னு சொல்லிடுவேன்" என்றார். ரசம் வாங்கும்போது கை ஆடி இலையிலிருந்து பக்கத்துப் பெண்ணின் பட்டுப்புடவையில் தெறித்ததாம். அதற்குப் பிறகு நடந்த எந்தக் கல்யாணத்திலும் அவர் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து பழையதை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். கூட இருக்கும் மருமகளுக்குக்கூட அது விரதம்தான்.

மனநிலைக் கேள்விகளில் அழுகை வரலாம். மனச்சோர்வு இந்த நோயின் ஒரு பகுதியாகவே வரக்கூடியது, மருத்துவம் உண்டு என்று சொல்லுங்கள். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்பது போல் ஒரு பேச்சு வந்தால் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள், தாளை மூடுங்கள், பக்கத்தில் இருங்கள், தனியே விட்டுவிட்டு வராதீர்கள், அன்றைக்கே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வினாத்தாள் தொடாத விஷயங்களும் உண்டு: மலச்சிக்கல், இரவில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுவது, காப்பி வாசனையே தெரியாமல் போவது. வாசனை போவது நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே வரக்கூடியது. இவற்றுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 30 கேள்வித் தாள் ஒன்று தனியாக இருக்கிறது, நேரம் இருந்தால் இன்னொரு நாள் செய்யுங்கள்.

கணக்கு

கணக்கு சுலபம். ஒருபோதும் இல்லை 0, எப்போதாவது 1, சில நேரம் 2, அடிக்கடி 3, எப்போதும் 4. ஒரு பகுதியின் எண்களைக் கூட்டி, அந்தப் பகுதியில் அதிகபட்சம் வரக்கூடிய எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 0 என்றால் தொல்லை இல்லை, 100 என்றால் மிக மோசம். பள்ளி மதிப்பெண் மாதிரி அதிகம் வந்தால் நல்லது என்று வீட்டார் நினைப்பார்கள், அதனால் எண்ணைச் சொல்லும்போதே இதையும் சொல்லுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடமாட்டத்தில் பத்துக் கேள்விக்கும் சேர்த்து 14 வந்தது, அதிகபட்சம் 40, ஆக 35. அன்றாட வேலை 24க்கு 6, ஆக 25. மனநிலை 24க்கு 10, ஆக 41.7. கூச்சம் 16க்கு 13, ஆக 81.3. துணை 0. நினைவு 16க்கு 2, ஆக 12.5. பேச்சு 12க்கு 3, ஆக 25. உடல் உபாதை 12க்கு 2, ஆக 16.7. எட்டையும் கூட்டி எட்டால் வகுத்தால் 29.6. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இவர் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நாலு பேர் முன்னால் வருவதில் அவர் 81இல் இருக்கிறார். எட்டுப் பகுதியையும் தனித்தனியாக எழுதாமல் சராசரியை மட்டும் எழுதிக் கொடுப்பதை நான் ஏற்பதே இல்லை.

பதில் சொல்லாத கேள்விக்கு 0 போடாதீர்கள். அது வெற்றிடம், 0 என்பதோ "ஒருபோதும் இல்லை" என்று அவர் சொன்னதாக அர்த்தம். துணை காலமானவரிடம் கணவர் அல்லது மனைவியின் ஆதரவு பற்றிய கேள்வி பொருந்தாது, தாளிலேயே அதற்குக் கட்டம் உண்டு, அதில் குறித்துவிட்டு மீதி இரண்டு கேள்வியை வைத்துக் கணக்குப் போடவேண்டும்.

நாட்குறிப்பும் நடையும்

மாத்திரை ஏறி இறங்குவது அதிகமாக இருப்பவர்களுக்கு மூன்று நாள் நாட்குறிப்பு கொடுங்கள். ஒரு நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்தால் 48 கட்டம். ஒவ்வொன்றிலும் தூக்கம், மாத்திரை பிடித்த நேரம், விட்டுப்போன நேரம், தேவையில்லாமல் உடம்பு ஆடுவது தொல்லையாக இருந்த நேரம், ஆடினாலும் தொல்லை இல்லாத நேரம் என்று ஒரு குறி. எழுதக் கை வராதவருக்குப் பேரப்பிள்ளைகள் குறிக்கலாம், ஆனால் கேட்டுத்தான் குறிக்கவேண்டும். கூடவே மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் எழுதச் சொல்லுங்கள். புரதம் அதிகமான சாப்பாட்டோடு சேர்ந்தால் லெவோடோபா உடம்பில் ஏறுவது குறையும். ஒருவருக்குத் தினமும் மத்தியானம் மட்டும் உடம்பு கட்டிப்போனது, குறிப்பைப் பார்த்தால் மாத்திரையை மீன் குழம்புச் சோற்றோடு விழுங்கிக்கொண்டிருந்தார். குறிப்பை அப்படியே மருத்துவரிடம் கொடுத்தோம், நேரத்தை அவர் மாற்றிக் கொடுத்தார். நாமாக மாற்றச் சொல்லக் கூடாது.

நடையை அளக்க நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலி, அதே செருப்பு அல்லது வெறுங்கால். மூன்று மீட்டரைச் சாக்பீஸால் நடைபாதையின் குறுக்கே கோடு போட்டுக் குறிக்காதீர்கள். கால் தரையோடு ஒட்டிக்கொள்பவருக்குக் கோட்டைப் பார்த்தால் கால் எழும். அது நல்ல பயிற்சி முறை, ஆனால் அளவைக் கெடுத்துவிடும். ஓரமாக ஒரு செம்பை வைத்து அடையாளம் காட்டுங்கள். பழைய வீடுகளில் நிலைப்படி உயரம், அங்கே வந்ததும் கால் நின்றுவிடும், அதனால் கூடத்துக்குள்ளேயே வையுங்கள். நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடக்கவேண்டும்.

வீட்டார்

நோயாளியின் தாள் முடிந்ததும், பார்த்துக்கொள்பவரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க ஜாரிட் என்பவர் பெயரில் 22 கேள்வித் தாள் ஒன்று உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. அதையும் நோயாளி காதில் விழாத இடத்தில் கேளுங்கள், கொல்லைப்புறத்துத் துவைகல் பக்கம் நின்று கேட்டதில்தான் எனக்கு உண்மையான பதில்கள் கிடைத்திருக்கின்றன. நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய்க் காத்திருந்து உள்ளே போனால் ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். எட்டுப் பகுதி எண், போன தடவை எண், மாத்திரைக்கும் அளவுக்கும் இடையிலான நேரம், எது அதிகம் மாறியிருக்கிறதோ அது முதல் வரியில். அதற்குக் கீழே நோயாளி சொன்ன ஒரு வாக்கியம், அவர் அனுமதித்தால் மட்டும், அவர் சொன்ன சொற்களிலேயே. "விரதம்" என்று சொன்ன அம்மாவிடம் கேட்டேன், யோசித்துவிட்டு, "டாக்டருக்கு மட்டும் சொல்லு, மருமகளுக்கு வேண்டாம்" என்றார். அப்படியே செய்தேன். மாத்திரை நேரம் கொஞ்சம் மாறியது, முகூர்த்த நாட்களில் எத்தனை மணிக்குப் போட்டால் பந்தி நேரத்தில் கை அடங்கியிருக்கும் என்பதையும் மருத்துவர் தாளில் எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி போகவேண்டும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்த நாளைத் தேடி எடுத்து, தாளின் மூலையில் நீங்கள் வரும் நேரத்தையும் அன்றைக்கு மாத்திரை போடவேண்டிய நேரத்தையும் எழுதிவிட்டு வாருங்கள்.